காது கேளாதோருக்கான அரசு உதவிகள்: குமரி மாவட்டத்தில் எங்கே, எப்படி, எந்த வரிசையில்

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் கேட்கும் திறன் குறைந்தது. இருவருக்குமாக ஆசாரிப்பள்ளம், நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகம், தக்கலை என்று அலைந்து சேர்த்த விவரங்களை இங்கே எழுதுகிறேன். ஒவ்வொரு அலுவலகத்திலும் அவரவர் மேசைக்கு உரியதை மட்டுமே சொல்வார்கள். முழு வழியையும் ஒருவரும் ஒரே தாளில் எழுதித் தருவதில்லை. அதனால்தான் இவ்வளவு பேர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

வரிசை இதுதான்: முதலில் கேட்புச் சோதனை, அடுத்து யூடிஐடி எனப்படும், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, அதன் பிறகே மற்ற எல்லாம். அட்டை இல்லாமல் உதவித்தொகை, ரயில் சலுகை என்று எந்தக் கவுண்டரில் போய் நின்றாலும் திருப்பி அனுப்புவார்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டில் காது கேளாத குழந்தை ஆறு வயதுக்குள் இருந்தால் அட்டைக்காகக் காத்திருக்காமல் நேராக 6-ஆம் படிக்குப் போங்கள். மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1. புறப்படுவதற்கு முன் ஒரு கோப்பு

ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆறு மாதத்துக்குள் எடுத்த பாஸ்போர்ட் அளவு புகைப்படங்கள், இதுவரை காதுக்குப் பார்த்த வைத்தியத்தின் சீட்டுகள் ஆகியவை போதும். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதார் இல்லாமல் யூடிஐடி விண்ணப்பம் நகராது. இன்னும் எடுக்காதவர்கள் அதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நம் மாவட்டத்தில் ஒரு சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பாவின் முழுப் பெயரே பின்னால் இருக்கும். ஞானஸ்நானப் பெயர் ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. அட்டை ஆதாரில் உள்ளபடிதான் வரும். பள்ளிச் சான்றிதழ் அதற்கு மாறாக இருந்தால் பிற்பாடு வேலைக்கோ கல்லூரிக்கோ போகும்போது தொல்லை வரும். எனவே விண்ணப்பிப்பதற்கு முன்பே ஆதாரைத் திருத்திவிடுங்கள். களியக்காவிளைப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் கேரளத்து மருத்துவமனையில் பிறந்திருப்பார்கள். அந்தப் பிறப்புச் சான்றிதழைப் பிறந்த ஊரின் உள்ளாட்சி அமைப்பிடம்தான் வாங்க வேண்டும். நம் ஊர் பேரூராட்சியில் அது கிடைக்காது.

வருமானச் சான்றிதழை மட்டும் அவசரப்பட்டு முதலிலேயே எடுக்காதீர்கள். இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய்தான் என்றாலும் அது ஓராண்டுக்கே செல்லும். காப்பீட்டுத் திட்டத்துக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கப் போகிற நேரத்தில் எடுத்தால் போதும்.

கைபேசி எண்ணைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். விண்ணப்பத்தில் கொடுக்கும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி மட்டுமல்ல, அழைப்பும் வரும். காது கேளாதவரின் சொந்த எண்ணை மட்டும் கொடுத்திருந்தால், ‘அழைத்தோம், எடுக்கவில்லை’ என்று எழுதிக் கோப்பை ஓரமாக வைத்துவிடுவார்கள். கேட்கும் ஒருவரின் எண்ணை இரண்டாவதாகக் கொடுங்கள். விண்ணப்பத்தின் ஓரத்தில், ‘விண்ணப்பதாரருக்குக் காது கேட்காது; குறுஞ்செய்தி அல்லது வாட்ஸ்அப் மூலம் தெரிவிக்கவும்’ என்று கையால் எழுதுங்கள்.

2. கேட்புச் சோதனை

எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே ஒரு தாள், அதாவது ஆடியோகிராம். ஒலிபுகா அறையில் காதில் ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்டால் கையைத் தூக்கச் சொல்லி எடுக்கும் சோதனை அது. 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளில் கிடைக்கும் அளவுகளின் சராசரியை டெசிபலில் கணக்கிடுவார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் ‘காது கேளாதவர்’. இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இருந்தால் ‘கேட்கும் திறன் குறைந்தவர்’.

‘இரண்டு காதிலும்’ என்பதைக் கவனியுங்கள். சதவீதக் கணக்கில் நன்றாகக் கேட்கும் காதுக்கு ஐந்து பங்கு எடை, மோசமான காதுக்கு ஒரு பங்கு எடை. இரண்டையும் கூட்டி ஆறால் வகுப்பார்கள். ஆகவே ஒரு காது முழுதாகச் செத்துப்போய், மறு காது சரியாக இருந்தால் சதவீதம் 17-ஐத் தாண்டாது. பெரும்பாலான உதவிகளுக்குக் குறைந்தது 40 சதவீதம் தேவை. ஒரு காது மட்டும் கேட்காதவர்களை, ‘அட்டை வாங்கித் தருகிறேன்’ என்று சொல்லிப் பணம் பறிக்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். ஏமாறாதீர்கள். கணக்கு இடம் கொடுக்காததை அவர்களால் வாங்கித் தர முடியாது.

மாவட்டத்தில் இந்தச் சோதனைக்கு முதன்மையான இடம் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். கட்டணம் கிடையாது. திருவனந்தபுரத்திலோ தனியார் மையத்திலோ ஏற்கெனவே எடுத்த ஆடியோகிராம் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். நோயின் வரலாற்றைக் காட்ட அது உதவும். ஆனால் சான்றிதழுக்கு அரசு மருத்துவமனையில் மறுபடி சோதிப்பார்கள் என்பதால், இதற்கென்று தனியாரிடம் புதிதாகக் காசு கொடுத்து எடுக்கத் தேவையில்லை.

போவதற்கு முன் கவனிக்க வேண்டியவை: காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தாலோ மெழுகு அடைத்திருந்தாலோ அன்றைக்கு அளவு சரியாக வராது. முதலில் அதற்கு மருந்து எழுதி, பின்னர் வரச் சொல்வார்கள். சளி பிடித்திருக்கும் நாளில் போகாதீர்கள். சிறு குழந்தைகளுக்கும், கையைத் தூக்கிப் பதில் சொல்ல முடியாதவர்களுக்கும், பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துவராதவர்களுக்கும் பெரா என்ற சோதனை எடுப்பார்கள். தலையில் சிறு பட்டைகளை ஒட்டி, நரம்பின் பதிலைக் கருவியே பதிவு செய்யும். குழந்தை தூங்க வேண்டும் என்பதால் அதற்குத் தனி நாள் கொடுப்பார்கள். அன்று குழந்தையை வழக்கத்தைவிட முன்னதாக எழுப்பி, வழியில் பஸ்ஸில் தூங்கவிடாமல் கூட்டிப் போங்கள்.

3. யூடிஐடி விண்ணப்பம்

மத்திய அரசின் சுவாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் இலவசம். வீட்டில் கணினியோ நல்ல கைபேசியோ இருந்தால் நீங்களே செய்யலாம். புகைப்படம், கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை, ஆதார், முகவரிச் சான்று ஆகியவற்றைப் பதிவேற்ற வேண்டும். இயலாதவர்கள் இ-சேவை மையத்தையோ நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையோ அணுகலாம்.

மாற்றுத்திறன் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் காது கேளாமை, கேட்கும் திறன் குறைவு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு என்று தனித்தனியாக இருக்கும். பேச்சும் வராதவர் என்றால் அதைச் சோதனையின்போது மருத்துவரிடம் எடுத்துச் சொல்லி, சான்றிதழில் எழுதச் சொல்லுங்கள். ரயில் சலுகைக்கு அது தேவைப்படும் (9-ஆம் படியைப் பாருங்கள்).

விண்ணப்பித்ததும் ஒரு பதிவு எண் வரும். அதைக் கோப்பின் அட்டையிலேயே எழுதி வையுங்கள். 2024-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி மருத்துவமனை மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இரண்டாண்டு வரை முடிவு வராத விண்ணப்பம் செயலிழந்துவிடும். ஆகவே ‘பதிவு செய்தாயிற்று, அட்டை தானாக வரும்’ என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

முன்பு மாவட்ட அலுவலகத்தில் கொடுத்த அடையாள அட்டைப் புத்தகம் வைத்திருப்பவர்களும் யூடிஐடி எடுத்தே ஆக வேண்டும். பழைய புத்தகத்தைத் தூக்கி எறியாதீர்கள். எத்தனை ஆண்டுகளாகக் கேட்காமல் இருக்கிறது என்பதற்கு அதுவே நல்ல சான்று.

4. மருத்துவமனைக்குப் போகும் நாள்

இங்கேதான் காது கேளாதவர்கள் அதிகம் தோற்றுப் போகிறார்கள். காரணம் நோயும் இல்லை, காகிதமும் இல்லை. கூப்பிடும் முறைதான் காரணம். சீட்டு வாங்கும் இடத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மருத்துவர் அறை வாசலில் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். காது கேட்காதவர்களுக்கான சோதனைக்கு வந்திருப்பவரை வாயால் கூப்பிட்டு, அவர் வராததால் அடுத்தவரை அழைக்கிறார்கள். இதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. ஒரு மின்பலகை வைத்தால் தீர்ந்துபோகும் குறை இது.

அது வரும்வரை நீங்கள் செய்யக்கூடியவை: உள்ளங்கை அளவு கெட்டி அட்டை ஒன்றில் பெரிய எழுத்தில், ‘எனக்குக் காது கேட்காது. என் முறை வந்ததும் கையசைத்துக் கூப்பிடுங்கள்’ என்று எழுதி, அதன் கீழே பெயரையும் சீட்டு எண்ணையும் எழுதும் இடம் விடுங்கள். வாசலில் நிற்கும் ஊழியரிடம் அதைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள். தூணுக்குப் பின்னால் நிழல் இருக்கிறதே என்று போய் உட்கார்ந்தால் அவ்வளவுதான்.

கூடவே ஒருவர் போங்கள். ஆனால் அவர் பதில் சொல்லும் ஆளாக மாறிவிடக் கூடாது. மருத்துவர் கேள்வியைக் கேட்டதும் அக்காவோ அம்மாவோ முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறார்கள். விண்ணப்பதாரர் பொம்மைபோல் நிற்கிறார். கேள்வியை அவருக்குச் சைகையிலோ எழுத்திலோ சொல்லி, அவர் பதிலை வாங்கிச் சொல்லுங்கள். வெள்ளைத் தாளும் பேனாவும் கையில் இருக்கட்டும். படிக்கத் தெரிந்தவருக்குக் கைபேசியில் பேச்சை எழுத்தாக்கும் வசதி பெரிய துணை. ஆண்ட்ராய்டு கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ செயலி தமிழையும் எழுதிக் காட்டும். கூட்ட இரைச்சலில் தடுமாறும், அறைக்குள் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும்.

மாற்றுத்திறனாளிகளைச் சோதிக்கும் நாள் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடும், அவ்வப்போது மாறவும் செய்யும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்தும் நீரோடி, தூத்தூர்ப் பக்கத்திலிருந்தும் இரண்டு பஸ் மாறி வருபவர்கள் முந்தின நாளே மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். காலை எட்டு மணிக்குள் சீட்டு வரிசையில் நின்றால் மதியத்துக்குள் முடியும்.

5. அட்டை வந்த பிறகு சரிபார்க்க வேண்டியவை

அட்டையின் நிறத்தைப் பாருங்கள். 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். பெயர், பிறந்த தேதி, சதவீதம், நிரந்தரமா தற்காலிகமா என்பது ஆகிய நான்கையும் உடனே பாருங்கள். சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழே தருவார்கள். அது முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்து, மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கத் தொடங்குங்கள். அட்டை தபாலில் வரத் தாமதமானால் இணையதளத்திலிருந்து மின்னட்டையை இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.

சதவீதம் உண்மைக்குக் குறைவாக வந்திருப்பதாகத் தோன்றினால் மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. ஆடியோகிராம் நகலையும் சான்றிதழ் நகலையும் இணைத்து எழுத்தில் கொடுங்கள். வாயால் சண்டை போடுவது பதிவாகாது.

6. குழந்தை என்றால்: இன்றைக்கே

மருத்துவ உலகம் வகுத்த காலக்கெடு இது: பிறந்த ஒரு மாதத்துக்குள் கேட்புச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதியான முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். நம் ஊரில் நடப்பது வேறு. ‘அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்’ என்று பாட்டி சொல்வார், ‘மூன்று வயது ஆகட்டும்’ என்று மற்றவர்கள் சொல்வார்கள். பேச்சுக்கான மூளைப் பகுதி ஒலி கேட்டுக் கேட்டே வளர்கிறது. அந்த ஆண்டுகள் போனால் திரும்ப வராது. கதவு படீரென்று அறைந்தாலும் குழந்தை திரும்பவில்லை என்றால் அடுத்த நாளே ஆசாரிப்பள்ளம் போங்கள். மருத்துவமனையின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் குழந்தைகளைப் பார்ப்பார்கள். தொடக்கச் சோதனையான ஓஏஇ சில நிமிடங்களில் முடியும், வலியும் இல்லை.

காதுக்கருவி போட்டும் பலன் இல்லாத, பிறவியிலேயே கேட்காத குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் என்னும் உள்காதுக் கருவி அறுவை உண்டு. தனியாரிடம் பல லட்சம் ஆகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழுடன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்தில் எடுத்துக்கொள்ளலாம். கட்டணமில்லாத் தகவல் எண் 1800 425 3993. திருவனந்தபுரம் பக்கம் என்று நினைத்துப் போகிறவர்கள், அந்த மருத்துவமனை திட்டப் பட்டியலில் இருக்கிறதா என்பதை இந்த எண்ணில் கேட்டபின் போங்கள். பட்டியலில் இல்லாத இடத்தில் கட்டிய பணம் திரும்பாது.

இதில் உள்ள பொறி அறுவையில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிறது. கருவி பொருத்திய மறுநாளே குழந்தை பேசிவிடும் என்று நினைத்துப் பலர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கேட்டுப் பேசும் பயிற்சி குறைந்தது ஓராண்டு, வாரந்தோறும் நடக்கும். அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார வேண்டும். கடலுக்குப் போகும் வீடானாலும் ரப்பர் பால் வெட்டப் போகும் வீடானாலும் யார் கூட்டிப் போவது என்பதை அறுவைக்கு முன்பே குடும்பத்தில் பேசி முடிவு செய்யுங்கள். வெளியில் மாட்டும் பகுதிக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு, வயரும் பேட்டரியும் பழுதானால் செலவு யாருடையது, பழுதுபார்க்கும் இடம் எது ஆகிய மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அறுவைக்கு முன் நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்றும் கேளுங்கள்.

அறுவை வேண்டாம் என்று முடிவெடுக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அதுவும் தவறல்ல. ஆனால் அப்போது குழந்தைக்குச் சைகை மொழி உடனே கிடைக்க வேண்டும், வீட்டில் எல்லோரும் கற்க வேண்டும். இரண்டும் இல்லாமல் குழந்தையை மொழியே இல்லாமல் வளர்ப்பதுதான் கொடுமை. டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட சைகை அகராதியை வீடியோவாக இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது.

7. காதுக்கருவி

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகக் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி இலவசமாகக் கிடைக்கும். யூடிஐடி, ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், மருத்துவர் பரிந்துரை ஆகியவை தேவை. மத்திய அரசின் ஏடிப் திட்ட முகாம்களிலும் தருகிறார்கள். அதில் ஒருமுறை வாங்கினால் மூன்றாண்டுக்கு மறுபடி கிடையாது, 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் ஓராண்டு. அம்மாவைப் போல வயதில் கேட்கும் திறன் குறைந்தவர்கள், மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருந்தால், மூத்தோருக்கான வயோஸ்ரீ திட்ட முகாம்களையும் கவனியுங்கள். முகாம் அறிவிப்புகள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வரும்.

முகாமில் கருவியைப் பெட்டியோடு கையில் கொடுத்து அனுப்பினால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஆடியோகிராமைப் பார்த்து உங்கள் காதுக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்து, உங்கள் காதில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். சரிசெய்யாத கருவி இரைச்சலை மட்டும் பெருக்கும். பெரியவர்கள் அதை இரண்டு நாள் போட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். காதின் அச்சில் செய்யும் காதுவார்ப்பும் முக்கியம். விசில் சத்தம் வந்தால் வார்ப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். குழந்தைகளுக்குக் காது வளர வளர வார்ப்பை மாற்ற வேண்டும்.

கடையில் வாங்குகிறவர்களுக்கு: காதுக்கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் கருவியின் விலைமேல் வரி போட்டிருந்தால் கேளுங்கள். வாங்குவதற்கு முன் ஒரு வாரமாவது வீட்டில் போட்டுப் பார்க்கத் தருவார்களா என்று கேட்டு, தராத கடையை விட்டுவிடுங்கள். பேட்டரியின் அளவு ஒட்டியுள்ள தாளின் நிறத்தில் தெரியும்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். தாளை உரித்ததும் உடனே போடாமல் சில நிமிடம் காற்றில் வைத்தால் நன்றாக உழைக்கும். உரித்துவிட்டால் பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும்.

நம் மாவட்டத்துக் காற்று கருவிக்குப் பகை. கடலோர உப்பும் ஈரமும் வியர்வையும் உள்ளே இறங்கிவிடும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். இதைச் செய்யத் தொடங்கிய பிறகு அம்மாவின் கருவி பழுதுக்குப் போவதே குறைந்துவிட்டது.

8. உதவித்தொகை

40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள, 18 வயது நிறைந்த, ஆதரவற்ற ஏழைகளுக்கு வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் உண்டு. 2023 ஜனவரியில் மாதம் 1,500 ரூபாயாக உயர்ந்தது. இ-சேவை வழியாக விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு அனுப்புவார். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு, கிள்ளியூர் என்று உங்கள் வட்டம் எது என்பதைக் குடும்ப அட்டையில் பாருங்கள். சிலர் ஆட்சியர் அலுவலகத்துக்கே நடையாய் நடக்கிறார்கள். இந்த ஓய்வூதியம் அங்கே முடிவாவதில்லை.

மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை வேறு. அது கடும் உடல் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு போன்ற சில பிரிவினருக்கானது. காது கேளாமை மட்டும் உள்ளவர்களுக்கு வராது. இரண்டையும் குழப்பி வேறு படிவத்தை நிரப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து ‘தகுதியில்லை’ என்ற பதிலை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

9. பள்ளி, பயணம், ஓட்டுநர் உரிமம்

சாதாரணப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் சொல்லிப் பெயரைப் பதிவு செய்யுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும், ஒரு மணி நேரம் கூடுதல் நேரமும் உண்டு. பள்ளி வழியாகத்தான் கேட்க வேண்டும், அனுமதி மேலிருந்து வர வேண்டும். தேர்வு நெருங்கியபின் ஓடாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே கோப்பைத் தயார் செய்யுங்கள். சிறப்புப் பள்ளி வேண்டுமென்றால் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் காதுகேளாதோர் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பட்டப்படிப்புக்குத் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் உள்ள தேசியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமும், சென்னை மாநிலக் கல்லூரியும் காது கேளாதோருக்கென்றே வகுப்புகள் நடத்துகின்றன. நமக்கு முன்னது பக்கம்.

பஸ்ஸில், வெள்ளைப் பலகை போட்ட அரசு நகரப் பேருந்துகளில் அட்டையைக் காட்டினால் டிக்கெட் வேண்டாம், உடன் வரும் ஒருவருக்கும் வேண்டாம்.

ரயிலில் சலுகை இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. காதும் முழுதாகக் கேட்காமல் பேச்சும் வராதவருக்கு மட்டுமே இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு, முதல் வகுப்பில் பாதிக் கட்டணம். உடன் செல்லும் ஒருவருக்கும் அதே சலுகை. ஏசி பெட்டிக்குக் கிடையாது. ரயில்வேயின் தனிப் படிவத்தில் அரசு மருத்துவர் கையொப்பமிட வேண்டும். அந்தச் சான்று 25 வயது வரை உள்ளவர்களுக்கு ஐந்தாண்டும், 26 முதல் 35 வரை பத்தாண்டும், அதற்கு மேல் ஆயுள் முழுதும் செல்லும். ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது கோட்டத்தைக் கவனியுங்கள். நாம் தமிழ்நாட்டில் இருந்தாலும் நாகர்கோவில், இரணியல், குழித்துறை நிலையங்கள் திருவனந்தபுரம் கோட்டத்தைச் சேர்ந்தவை. மதுரையைத் தேர்ந்தெடுத்தால் விண்ணப்பம் வேறு மேசைக்குப் போய் நிற்கும்.

காது கேளாதவருக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது என்று ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளிலேயே சொல்கிறார்கள். அது சரியல்ல. 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றமும், 2016-இல் மத்தியப் போக்குவரத்து அமைச்சகமும் இதைத் தெளிவுபடுத்திவிட்டன. மருத்துவச் சான்றிதழுடன் நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

வேலை தேடுபவர்களுக்கு: அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத இடத்தில் 1 சதவீதம் கேட்புக் குறையுடையோருக்கு. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் யூடிஐடி எண்ணைச் சேர்க்க மறக்காதீர்கள்.

10. அவசர நேரம்

108, 112 இரண்டும் பேசுவதற்கான எண்கள். பேச முடியாதவருக்குத் தமிழ்நாடு காவல் துறையின் ‘காவல் உதவி’ செயலியில் உள்ள அவசரப் பொத்தான் பயன்படும். அழுத்தினால் இருக்கும் இடம் தானாகப் போய்ச் சேரும். கைபேசியில் இன்றே இறக்கி, வீட்டில் ஒருமுறை காட்டிக் கொடுங்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளான காது கேளாத பெண் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. அவர் இருக்கும் இடத்துக்கு வந்து, சைகை மொழிபெயர்ப்பாளரையோ சிறப்பாசிரியரையோ வைத்து வாக்குமூலம் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். இதை ஒவ்வொரு அம்மாவும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

புயலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி நம் மாவட்டத்தை என்ன செய்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரை ஊர்களில் எச்சரிக்கை என்றால் ஆலயத்து ஒலிபெருக்கி, ஆட்டோவில் கட்டிய மைக். இரண்டும் காது கேளாதவருக்கு இல்லாததற்குச் சமம். ‘டிஎன் அலர்ட்’ செயலி எழுத்தில் எச்சரிக்கை தரும், அதை அவர் கைபேசியில் போட்டு அதிர்வை முழு அளவில் வையுங்கள். அதோடு நில்லாமல், ஊரில் காது கேளாதவர்கள் இருக்கும் வீடுகளின் பட்டியலைப் ஆலயத்தின் பங்குப் பேரவையிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் கொடுத்து, அறிவிப்பு வரும்போது யார் போய்க் கதவைத் தட்டுவார் என்று பெயர் குறித்து முடிவு செய்யச் சொல்லுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

11. மறுத்தாலோ இழுத்தடித்தாலோ

திங்கட்கிழமைதோறும் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். யூடிஐடி எண், எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், என்ன பதில் வந்தது, என்ன வேண்டும் ஆகிய நான்கையும் எழுதினால் போதும். கூட்டத்தில் பேசித் தீர்க்கலாம் என்று வெறுங்கையோடு போனால், காது கேளாதவரின் பக்கத்தை அங்கே யாரும் பொறுமையாகக் கேட்க மாட்டார்கள். எழுதியதைக் கையில் கொடுப்பதுதான் வழி. சைகை மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் சில நாள் முன்பே மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையே என்று தயங்காதீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் யூடிஐடி நகலோடு ஒரு மனு கொடுத்தால் போதும். எங்கே எந்த மனுவைக் கொடுத்தாலும், ரசீதில் மனு எண்ணும் தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கவுண்டரை விட்டு நகருங்கள்.